அம்மாவின் தட்டை யாரும் பார்க்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில், வயதானவர்களின் ஞாபகசக்திக்கு எந்தெந்த உணவு நல்லது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ப்ளூபெர்ரி, ஆலிவ் எண்ணெய், வால்நட், அவகாடோ, சால்மன் மீன் என்று வண்ணப் படங்களோடு போட்டிருந்தீர்கள். அதில் இருப்பது பொய் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிற என் 74 வயது அம்மாவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. அவளைப் போல ஊர் ஊருக்கு எத்தனையோ அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சத்துணவு மையத்தில் 31 வருஷம் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, எது சோற்றை மட்டும் தின்றுவிட்டுக் காயை ஒதுக்குகிறது, எது வீட்டில் இருக்கிற தம்பிக்கு என்று முட்டையை டவுசர் பையில் போட்டுக்கொள்கிறது என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளின் தட்டை இப்படிப் பார்த்த நான், என் அம்மாவின் தட்டைப் பார்க்காமல் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை அந்த வீட்டு அடுப்பு ஓய்ந்ததே இல்லை. எங்களுடையது சைவ வீடு. வாரத்தில் ஒரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், ஒரு நாள் கூட்டாஞ்சோறு, விருந்தாட்கள் வந்தால் சொதி, மற்ற நாளில் பருப்பும் புளிக்குழம்பும் இரண்டு காயும் கட்டாயம். அப்பாவுக்கு மோர் இல்லாமல் சாப்பாடு இறங்காது. அவர் போன பிறகு நாங்கள் எவ்வளவோ கூப்பிட்டும் அம்மா பாளையங்கோட்டைக்கு வர மறுத்துவிட்டாள். சரி, அவள் ஊர், அவள் வீடு, அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். தினமும் போனில் பேசுவேன். “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்பேன். “ஆச்சுட்டி” என்பாள். என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்டதே இல்லை.

போன வருஷம் ஆடி மாதம் வாக்கில்தான் மறதி தெரிய ஆரம்பித்தது. ஒரே விஷயத்தை ஒரே போனில் மூன்று தடவை கேட்பாள். பால்காரருக்குப் பணம் கொடுத்ததை மறந்து திரும்பவும் கொடுத்துவிடுவாள், அவர் நல்ல மனுஷன், என்னிடம் சொல்லித் திருப்பித் தந்தார். ரேஷன் கார்டை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். ஒரு தடவை நான் ஊருக்குப் போயிருந்தபோது, சோறு போட்டுக்கொண்டே, அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். கேட்ட அடுத்த நொடியே அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

உடனே பக்கத்து டவுனில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவர் ஐந்து நிமிஷம் கூடப் பார்க்கவில்லை. “வயசாச்சுன்னா அப்படித்தான், எல்லாருக்கும் வர்றதுதான்” என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதி அனுப்பிவிட்டார். சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார் ஒருவர், அவளுடைய அம்மாவுக்கும் கடைசியில் இப்படித்தான் ஆனது என்றார் இன்னொருவர். மருந்துக் கடையில் ஞாபகசக்திக்கு என்று ஒரு டானிக் கொடுத்தார்கள், அதையும் வாங்கினேன், பாட்டில் 400 ரூபாய்க்கு மேல்.

அதற்கு அடுத்த மாதம் நான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் ஊருக்குப் போய் இறங்கினேன். மணி 1.30 இருக்கும். அடுப்பு பற்றவே வைக்கவில்லை. திண்ணையில் ஒரு டம்ளர், அதன் அடியில் டீயில் ஊறிப்போன ரஸ்க் தூள் கஞ்சி மாதிரி படிந்திருந்தது. அடுக்களையில் காலையில் வடித்த சோறு, தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருந்தாள், பக்கத்தில் மாங்காய் ஊறுகாய் ஜாடி. உளுந்து டப்பாவைத் திறந்தேன், வண்டு விழுந்து மாவாகக் கிடந்தது. ரேஷனில் வாங்கிய துவரம்பருப்பு மூன்று மாதத்தது, கட்டிய பை அவிழ்க்காமல் அலமாரியில் வரிசையாக இருந்தது. காய்கறிக் கூடையில் ஒரு வாடிய கத்தரிக்காய். “என்னம்மா இது?” என்றேன். “எனக்கு ஒருத்திக்கு எதுக்குட்டி அடுப்பைப் பத்த வைக்கணும்? கஞ்சியும் ஊறுகாயும் போதும்” என்றாள், குறையாகக் கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். காலையில் டீ ரஸ்க், மத்தியானம் கஞ்சி ஊறுகாய், சாயங்காலம் திரும்ப டீ ரஸ்க், ராத்திரி பசித்தால் ஒரு வாழைப்பழம். இதுதான் இரண்டு வருஷமாக அவள் சாப்பாடு. டீயில் விடுகிற பாலைத் தவிர வேறு பால் இல்லை, தயிர் இல்லை, பருப்பு இல்லை, கீரை இல்லை.

அன்றைக்கு அலமாரியில் இருந்த மாத்திரை அட்டைகளையும் பார்த்தேன். சர்க்கரைக்கு மெட்பார்மின், 11 வருஷமாக. கூடவே கிளிமிபிரைடு. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அப்புறம் வயிற்று எரிச்சலுக்கு என்று எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த பான்டபிரசோல், சீட்டு கூட இல்லாமல் கடையில் கேட்டு வாங்கி ஆறேழு வருஷமாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருக்கிறாள். காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, நாக்கு எரிகிறது என்று அவள் சொல்லியபோதெல்லாம் சர்க்கரையால் இருக்கும் என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

திருநெல்வேலியில் இன்னொரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சின்ன வயசுப் பெண். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆச்சி, நேத்து காலைல எந்திச்சதுலேருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, யார்கூட உக்காந்து சாப்பிட்டீங்க, சொல்லுங்க” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அப்புறம் மாத்திரை அட்டைகளைப் பார்த்தார், அதிர்வு தெரிகிறதா என்று பாதத்தில் ஒரு கவையைத் தட்டி வைத்துப் பார்த்தார், ரத்தத்தில் பி12, தைராய்டு, சோடியம் என்கிற உப்புச்சத்து, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொன்னார். பி12 மட்டும் 138 என்று வந்தது. அந்த ஆய்வகத்தின் சீட்டில் 200-க்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

பி12 என்பது செடி கொடியில் கிடைக்காத ஒரு வைட்டமின். மீன், முட்டை, ஈரல், கறி, பால், தயிர் இவற்றில்தான் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பாலும் தயிரும்தான் கதி. அதுவும் சாப்பிட்டால் மட்டும் போதாது, வயிற்றில் இருக்கிற அமிலம்தான் அதை உணவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். வயசானால் அந்த அமிலம் பலருக்கும் குறைந்துவிடும். அதோடு பான்டபிரசோல் மாதிரி மாத்திரை போட்டால் இன்னும் குறையும், மெட்பார்மின் அது குடலில் உறிஞ்சப்படுவதையே குறைக்கும். எங்கள் அம்மாவுக்கு இந்த நாலும் ஒன்றுசேர்ந்துவிட்டது. நரம்பின் மேல் ஒயருக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி ஒரு உறை இருக்கிறதாம், அதைக் காப்பாற்றி வைப்பதற்கு பி12 வேண்டும். அது நைந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், யோசனை மந்தமாகும், மறதி வரும். ஈரலில் சில வருஷத்துக்குச் சேமிப்பு இருக்கும் என்பதால், சாப்பாடு கெட்டுப்போன உடனே இது தெரியாது. மெதுவாக வரும். மெதுவாக வருவதால்தான் வயசு என்று நினைத்து ஏமாந்துபோகிறோம்.

மெட்பார்மினை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது என்று அந்த மருத்துவர் சொன்னார். மெட்பார்மினை நிறுத்த வேண்டும் என்று அர்த்தமில்லை, நல்ல மருந்து அது, யாரும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி போட ஆரம்பித்தோம். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு ஒன்று, இப்போது மாதம் ஒன்று. வயிற்று மாத்திரையை மருத்துவரே நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் நாக்கு எரிச்சல் போனது. நாலு மாதத்தில் பால் கணக்கை நாள்காட்டியில் அவளே குறிக்க ஆரம்பித்தாள். எல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கால் மரப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, புதுப் பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. ஒருவேளை இரண்டு வருஷம் முன்னாலேயே பார்த்திருந்தால் அதுவும் சரியாகியிருக்கும், அந்த நினைப்பு எனக்குப் போகாது. எல்லாருடைய மறதியும் பி12 குறைவால் வருவதும் இல்லை. அல்சைமர் என்கிற மூளை நோய் வேறு, அதற்கு ஊசியும் சாப்பாடும் போதாது. ஆனால் அல்சைமர் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், வயசு என்று கைவிடுவதற்கு முன்னால், சரிசெய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா இல்லையா? நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. இத்தனை பேரில் எத்தனை பேரிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருப்பார்கள்?

உங்கள் கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகள் மருந்தியல் படிக்கிறாள், அவளை உட்கார வைத்து இதைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் போட்ட பட்டியலில் பாதி, சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 2015-ல் வெளியிட்ட ‘மைண்ட்’ உணவுமுறையிலிருந்து வருவது. கீரை, பெர்ரிப் பழம், கொட்டை, பயறு, மீன், முழு தானியம் நிறைய. வெண்ணெய், இனிப்பு, பொரித்தது, சிவப்பு இறைச்சி குறைவு. அப்படிச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு அல்சைமர் குறைவாக வந்ததை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அதையே ஒரு சோதனையாக, 604 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து மூன்று வருஷம் நடத்திப் பார்த்து 2023-ல் வெளியிட்டபோது இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மற்றப் பிரிவினரும் உணவு ஆலோசனை பெற்றுக் கொஞ்சம் எடை குறைத்திருந்தார்கள், மூன்று வருஷம் போதாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும், இதைத் தின்றால் மறதி வராது என்று உறுதியாகச் சொல்கிற அளவுக்கு விஷயம் இல்லை. கட்டுரையில் அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

பலன் தெரிந்த சோதனை வேறு மாதிரி. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள 1,260 பேரை வைத்து இரண்டு வருஷம் நடத்தியது, 2015-ல் முடிவு வந்தது. அதில் சாப்பாட்டை மட்டும் மாற்றவில்லை. சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கவனிப்பது, இந்த நாலையும் சேர்த்துச் செய்தார்கள். அப்படிச் செய்தவர்களுக்கு யோசனைத் திறன் மற்றவர்களைவிட நன்றாக நின்றது. அமெரிக்காவில் 2,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து அதே வழியில் செய்து 2025-ல் வந்த முடிவும் அதே பக்கம்தான் சாய்கிறது. அவற்றில் ஆட்கள் குழுவாகக் கூடியிருக்கிறார்கள், யாரோ கவனித்திருக்கிறார்கள், தொடர்ந்து விசாரித்திருக்கிறார்கள். என் அம்மாவுக்கு இல்லாமல் போனது அதுதான், பெர்ரிப் பழம் இல்லை.

லான்செட் என்கிற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் சொன்னதையும் அண்ணன் மகள் காட்டினாள். மறதி நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்றும், அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகத்தில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றும் கணக்கு. அந்தப் பதினாலில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், மது என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாப்பாடு, குடியோடு சம்பந்தப்பட்டதுதான். காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, தனிமை மூன்றும் அதில் உண்டு. நம்மிடம் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து செய்த ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடுகிற சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று சொல்கிறார்கள். எங்கள் தாமிரபரணிக் கரைக்காரர்களைப் பார்த்தால் அது குறைவு என்றுதான் சொல்வேன். தட்டில் மலையாகச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய். மூளைக்குப் போகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சர்க்கரையிலும் அழுத்தத்திலும் கெடுகின்றன.

அடுத்தது உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கூழ்வத்தல், இதிலேயே அது முடிந்துவிடும். கஞ்சிக்கு வேறு துணை இல்லாதவர்கள் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதில்லை, அதைத்தான் காய்க்கூட்டு மாதிரி சாப்பிடுகிறார்கள். அதற்காக உப்பை ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிற வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டால் அதுவே குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இப்படித்தான் சொந்த மகனையே யாரென்று கேட்டார், மருத்துவமனையில் சோடியத்தைச் சரிசெய்ததும் நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், இது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பிள்ளைகளுக்கு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை விர்ரென்று இறங்கும். அம்மா விடியக்காலையில் வேர்த்து விறுவிறுத்துச் சம்பந்தமில்லாமல் பேசினாள் என்று பக்கத்து வீட்டு மதினி இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி வெறும் வாழைப்பழத்தோடு படுத்தவளுக்கு, கூட்டி எழுதிய மாத்திரை. இப்படி அடிக்கடி சர்க்கரை கடுமையாக இறங்குகிற முதியவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் அதிகம் வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாப்பாட்டைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டுவது எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் உறைத்தது.

தண்ணீரும் சாப்பாட்டில் சேர்த்திதான். வயசானால் தாகம் அவ்வளவாகத் தெரியாது. அதற்கு மேல் அம்மா சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று விசாரித்தால், கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருக்கிறது, ராத்திரி இருட்டில் படி இறங்கப் பயம். தண்ணீர் குறைந்தால் மூத்திரக் குழாயில் கிருமி வரலாம், வயதானவர்களுக்கு அதில் காய்ச்சல் கூட இல்லாமல் திடீரென்று புத்தி தடுமாறலாம். நாங்கள் செய்தது ஒரு விளக்கும் ஒரு கைப்பிடிக் கம்பியும். எந்த உணவுப் பட்டியலிலும் இது வராது, ஆனால் அன்றையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கிறாள்.

பல்லும் அப்படித்தான். அம்மாவுக்கு மேல்வரிசையில் பல் இல்லை. சுண்டல் முடியாது, பயறு முடியாது, முருங்கைக்கீரை அடைக்கிறது, ரஸ்க் மட்டும் டீயில் நனைந்து இறங்கும். பல்செட் கட்டுவதை அழகு விஷயம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். அந்தக் காலத்தில் பல் போன கிழவிகள் சின்ன உரலில் வெற்றிலையை இடித்துப் போட்டுக்கொள்வார்களே, வெற்றிலைக்கு இருந்த அந்த அக்கறை சுண்டலுக்கு இல்லாமல் போயிற்று. வேகவைத்த பயறை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, கீரையைக் கடைந்து, பருப்பில் நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் எந்தப் பல்லும் வேண்டாம்.

நம் பக்கத்தில் கிடைப்பதையே சொல்லலாமே. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு சால்மன் எதற்கு, தூத்துக்குடியிலிருந்து வருகிற சாளை இருக்கிறது, நெத்திலி இருக்கிறது, சால்மனில் இருக்கிற நல்ல கொழுப்பு அதிலேயே உண்டு, விலையும் குறைவு. வால்நட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, எள்ளுத் துவையல். முருங்கைக்கீரை வாசலில் நிற்கிறது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்குத் தினமும் ஒன்று. வல்லாரையைப் பலரும் கேட்கிறார்கள். நல்ல கீரை, துவையலாக அரைத்துச் சாப்பிடட்டும், ஆனால் வல்லாரை மாத்திரையை நம்பிக்கொண்டு பி12 பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

கடைசியாக என் சொந்த வேலையைப் பற்றி ஒன்று. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பிள்ளைகளுக்கு மட்டும்தான், அடுத்த வருஷமே முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் மத்தியானச் சாப்பாடு என்று சேர்த்தார்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் மையத்துக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். தூக்குவாளியோடு வந்தாலும் அங்கேயே வேப்பமர நிழலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரு தாத்தா தினமும் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்பார், அவர் தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் திருத்துவார்கள். ஒருநாள் அவர் வராவிட்டால் ஆயா ஆள் அனுப்பி விசாரிப்பார். வருஷம் ஆக ஆக வருகிறவர்கள் குறைந்து, நான் ஓய்வு பெறும்போது ஒருவரும் வரவில்லை. வெட்கப்பட்டு வராமல் நின்றவர்கள் பாதி, நடக்க முடியாமல் நின்றவர்கள் பாதி. சூடான சாப்பாடு, பருப்பு, கூட ஆட்கள், நடந்து வருகிற நடை, வராவிட்டால் தேடுகிற ஒரு ஆள். பின்லாந்தில் செய்ததில் பாதி அந்த வேப்பமரத்தடியிலேயே நடந்திருக்கிறது. அதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும், முட்டையோடும் தயிரோடும்.

அதேபோல 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், எங்கள் ஊரில் ஒழுங்காக நடக்கிறது. வருகிறவர்கள் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று இரண்டு கேள்வியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பல வருஷமாக மெட்பார்மின் வாங்குகிறவர்களுக்கு பி12 பரிசோதனையையும் அதோடு சேர்க்கட்டும். அந்த ஊசிக்கு அப்படி ஒன்றும் பெரிய விலை இல்லை, டானிக் பாட்டிலைவிடக் குறைவு.

அம்மா இப்போது மதினியோடு சேர்ந்து சாப்பிடுகிறாள். மதினியும் தனிக்கட்டைதான், பையன் திருப்பூரில். ஒருநாள் இந்த வீட்டில் குழம்பு, மறுநாள் அந்த வீட்டில். 12.30-க்கு யார் வரவில்லையோ அவர்களைத் தேடி மற்றவர் போவார். போன வாரம் அம்மா போன் செய்தாள். “ஏட்டி, வரும்போது தொலி உளுந்து ஒரு கிலோ வாங்கிட்டு வா. போன தடவை வாங்கின கடையில வேண்டாம், அதுல கல்லு கிடந்துச்சு” என்றாள். நான் போனை வைத்துவிட்டு அழுதேன். போன தடவை எந்தக் கடையில் வாங்கினேன் என்பது எனக்கே ஞாபகம் இல்லை, அவளுக்கு இருந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போது உளுந்தும் சாளையும் மோரும் முருங்கையும் அதில் இருக்கட்டும், பி12 பற்றியும் சர்க்கரை இறங்குவது பற்றியும் தெளிவாக இருக்கட்டும். கூடவே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அம்மா இப்போதுதான் புதுக் கண்ணாடி போட்டுத் திரும்பவும் உங்கள் பேப்பரை வாசிக்க ஆரம்பித்திருக்கிறாள், மருத்துவப் பக்கத்தின் எழுத்து மட்டும் தெரியவில்லை என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை